நல்லெண்ணம் மட்டும் போதுமா?

நல்லெண்ணத்துடன் செய்யப்படும் செயல் எப்போதும் நன்மையில்தான் முடியுமா? வியன்னா பொது மருத்துவமனையின் வரலாறு இதற்கு விடை தருகிறது. அங்கு மருத்துவர்கள் பிரசவம் பார்த்த பிரிவில், 1846-ஆம் ஆண்டு நூறு தாய்மாருக்கு ஏறத்தாழப் பதினொருவர் இறந்தனர். மருத்துவச்சிகள் பணிபுரிந்த பிரிவிலோ மூவரே. பிணப் பரிசோதனை செய்த கைகளே நோயைக் கொண்டுவருகின்றன என்று உணர்ந்த டாக்டர் செம்மல்வைஸ், 1847-இல் குளோரின் கலந்த நீரில் அனைவரையும் கைகழுவச் செய்தார். மறு ஆண்டில் இறப்பு நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றாகக் குறைந்தது. ஆயினும் மருத்துவர் பலர் அவர் கருத்தை ஏற்கவில்லை. அவர்கள் கொடியவர்கள் அல்லர். குணப்படுத்தும் கை கொல்லவும் கூடும் என்பதை ஒப்புக்கொள்ள அகந்தை இடந்தரவில்லை.

கருணையும் தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதே இதன் பாடம். சுகப்பிரசவத்தில் பிறப்பு வழியைக் கத்தரித்துத் தையலிடுவது நெடுங்காலம் பல மருத்துவமனைகளில் வழக்கமாக இருந்தது. அதை எல்லாருக்கும் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றும், தாய் விரும்பும் ஒருவர் பிரசவத்தின்போது உடனிருக்கட்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. இரண்டும் ஆய்வுகள் காட்டிய உண்மைகள்.

ஆகவே, கருவுற்ற பெண்ணும் அவள் குடும்பத்தாரும் 'இது எதற்காக?' என்று வினவுவது மரியாதைக் குறைவு அன்று. அவ்வினாவைப் பணிவுடன் ஏற்று விளக்கும்போதுதான் மருத்துவம் சேவையாகிறது.