பந்தி விசாரணையும் ஊழியந்தான்



 

சபை பெருகியிருக்கிறது. இதை நான் எழுதித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் பிந்தி வருகிறவர்களுக்குப் பாய் விரிக்க இடமில்லை. கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஆராதிக்கிறார்கள். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வருகிற குடும்பங்கள் உண்டு. அல்லேலூயா!

பெருக்கத்தோடு முறுமுறுப்பும் வந்திருக்கிறது. "ஐயா, டவுன் விசுவாசி வீட்டுல காய்ச்சல்னா பத்துப் பேர் ஜெபிக்கப் போறாங்க. எங்க ஊருக்கு யாரும் எட்டிப் பார்க்கிறதில்ல" என்று கிராமத்திலிருந்து வருகிற ஒரு தாயார் சொன்னார்கள். இன்னொரு பக்கம், பெரிய ஆஸ்பத்திரி வாசலில் சனிக்கிழமைதோறும் நாம் ஊற்றுகிற கஞ்சியைப் பற்றி ஒரு சகோதரன் கேட்டார்: "ஆத்தும ஆதாயந்தானே முக்கியம்? கஞ்சி ஊத்துறதுக்கு அபிஷேகம் எதுக்கு? அந்தப் பணத்தைக் கட்டிட நிதியில போடலாமே?"

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். எருசலேம் சபையில் சீஷர்கள் பெருகின அந்த நாட்களில்தான் முறுமுறுப்பும் எழும்பிற்று. கிரேக்கு பேசுகிறவர்களின் விதவைகளை அன்றாடப் பந்தியில் கவனிக்கவில்லை என்பதே குறை. பன்னிரண்டு பேரும் "வாயை மூடு" என்று சொல்லவில்லை. சபையைக் கூட்டினார்கள். ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த ஏழு பேருடைய பெயர்களைக் கவனித்தீர்களா? ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. எல்லாம் கிரேக்கப் பெயர்கள்! எந்தப் பக்கத்திலிருந்து அழுகை வந்ததோ, அந்தப் பக்கத்து ஆட்கள் கையிலேயே பந்தியை ஒப்படைத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சோறு பரிமாறுகிறவனுக்கு வைத்த தகுதி என்ன? பரிசுத்த ஆவியும் ஞானமும் நற்சாட்சியும். கஞ்சிக்கு அபிஷேகம் எதற்கு என்று கேட்ட சகோதரனுக்கு இதுதான் பதில். அந்த ஏழு பேரில் ஒருவன் முதல் இரத்தசாட்சியானான், இன்னொருவன் சமாரியாவைக் கலக்கினான். அதற்குப் பின்பு எருசலேமில் சீஷருடைய தொகை இன்னும் மிகுதியாய்ப் பெருகிற்று என்று 7-ஆம் வசனம் சொல்லுகிறது.

நம்ம பக்கத்துக்கு வருவோம். எழுப்புதல் என்றாலே 1906-ஆம் வருஷத்து அசுசா தெருவைத்தான் பலர் சொல்லுகிறார்கள். அதற்கு நாற்பத்தாறு வருஷம் முன்னாலேயே, 1860-இல், மதுரைக்குத் தென்மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கிறிஸ்டியான்பேட்டையில் ஆவியானவர் இறங்கினார். ஜனங்கள் பாவத்தை அறிக்கையிட்டு அழுதார்கள், அந்நியபாஷை பேசினார்கள், தரிசனம் கண்டார்கள், பெண்களும் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். ஊழியக்காரர் வெள்ளைக்காரர் அல்ல. உக்கிரன்கோட்டையில் 1810-இல் பிறந்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், தமிழன். ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்பவரோடு சேர்ந்து, மாதச் சம்பளத்தை நம்பாமல் விசுவாசத்தில் வாழக் கற்றவர்.

1860-க்கு முந்தின இருபது வருஷமும் அவர் அந்தப் பேட்டையில் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? 1840-இல் நிலம் வாங்கி, கிணறு வெட்டி, ஏழை விசுவாசிகள் தங்கள் கையால் உழுது பிழைக்க வழி செய்தார். பள்ளிக்கூடம் நடத்தினார். ஊர் ஊராய்ச் சுவிசேஷமும் சொன்னார். கிணறு வெட்டின ஊரில் அக்கினி இறங்கிற்று. 1905-இல் புனேக்கு அருகே கேட்காவில் எழுப்புதல் வந்ததும் அப்படித்தான். பஞ்சத்தில் தப்பின பெண்பிள்ளைகளையும் விதவைகளையும் பண்டித ரமாபாய் அம்மையார் வைத்துக் காப்பாற்றின முக்தி இல்லத்தில்தான் அது தொடங்கியது.

நான் சொல்லுவது, கஞ்சி ஊற்றினால் ஆவி வரும் என்ற கணக்கல்ல. கஞ்சியைக் காட்டி ஆள் பிடிப்பதுமல்ல. அது ரொம்ப அசிங்கம். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்ச காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். சோற்றுக்காக வந்தவர்கள் என்ற பேச்சும் கூடவே வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருக்கிற மனுஷன் டம்ளரை நீட்டுகிறபோது அவன் எந்த மதம் என்று கேட்கக்கூடாது. ஜெபிக்கச் சொல்லிக் கேட்டால் ஜெபியுங்கள். கேட்காவிட்டால் இன்னொரு கரண்டி ஊற்றுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கொஞ்சம் கசப்புதான். கிராமத்து வீடுகளுக்கு நாம் போகாததற்குப் பஸ் வசதி மட்டும் காரணமா? "அவங்க எந்தத் தெரு ஆளுங்க?" என்ற கேள்வி நம் நாக்கில் இன்னும் இருக்கிறதே! 1847-இல் அமெரிக்கன் மதுரை மிஷன், சாதியை விடாதவர்களைச் சபை ஐக்கியத்திலிருந்து விலக்கி நிறுத்தியது. அங்கத்தினர் தொகை குறைந்தது. குறைந்தாலும் பரவாயில்லை என்று நின்றார்கள். நம் தொகை கூடியிருக்கிறது. ஆனால் வேப்பமரத்தடியில் உட்காருகிறவர் வீட்டில் நம்மில் எத்தனை பேர் கை நனைத்திருக்கிறோம்?

கட்டிடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழைக்கு ஒதுங்க இடம் வேண்டுமே. எதை முந்திச் செய்வது என்பதை நான் தனியாகத் தீர்மானிக்கமாட்டேன். வருகிற உபவாச ஜெபத்திற்குப் பின்பு சபை கூடித்தான் முடிவு செய்யவேண்டும். அதுவரை சனிக்கிழமைக் கஞ்சி நிற்காது. அன்றைக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஏழு பேரின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொண்டுவாருங்கள். அதில் நாலு பேராவது பஸ் ஏறி வருகிறவர்களாய் இருக்கட்டும்.