பிழை எவருடையது? பழி எவருக்கு?

கணக்கெழுதியது அரசு. கொடுத்தது அரசு. கணக்கில் தவறியதும் அரசு. ஆண்டுகள் சில உருண்டோடிய பின், "கூடுதலாகக் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கொடு" என்று ஓலை விடுவதும் அதே அரசு! பெற்றவன் யார்? உடல் நலிந்து உழைக்க இயலாதவன். வந்ததைச் சோற்றுக்கும் மருந்துக்கும் செலவிட்டுவிட்டவன். அவன் என் செய்வான்?

அமெரிக்க நாட்டில் எழும் கேள்வி இது. அங்கே சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935-இல் பிறந்தது. உழைக்க இயலாதார்க்கான காப்புத்தொகை 1956-இல் அதில் சேர்ந்தது. கூடுதலாகத் தந்ததை மீட்கச் சட்டம் இடந்தருகிறது. ஆனால் வரம்பும் கட்டுகிறது. பெற்றவரிடம் குற்றம் இருத்தலாகாது. அதனோடு, மீட்டால் அவர் வாழ்க்கைச் செலவுக்கே வழியற்றுப் போவார், அல்லது மீட்பது நேர்மைக்கும் மனச்சான்றுக்கும் மாறாகும் என்ற நிலையும் வேண்டும். இரண்டும் பொருந்தினால் மீட்டலாகாது!

"பொதுமக்கள் பணமன்றோ? விடலாமா?" என்பர் சிலர். நியாயமான கேள்விதான். வருவாயை மறைத்துப் பெற்றவன் திருப்பித் தரட்டும், மறுப்பாரில்லை. ஆனால் உள்ளதை உள்ளபடி உரைத்தவனையும் மறைத்தவனையும் ஒரே தட்டில் நிறுத்துவது நீதியாகுமா? கடனென்பது கேட்டுப் பெறுவது. கேளாமலும் அறியாமலும் வந்ததைக் கடனென்பது எந்த அறம்?

மாதத் தொகையில் எவ்வளவு பிடிப்பது? 2024 மார்ச்சில், 10 விழுக்காடு போதும் என்றது அலுவலகம். 2025 மார்ச்சில், முழுவதும் வேண்டும் என்றது. ஏப்ரலில், பாதி என்றது. ஏழையின் வயிறு ஓராண்டுக்குச் சற்றே மேற்பட்ட காலத்துக்குள் இத்தனை முறை சுருங்கி விரியுமா, தோழர்களே?

விலக்குக் கேட்டவனுக்கு "இயலாது" என்று விடை வருகிறது. பலர் "விதி" என்று ஓய்ந்துவிடுகின்றனர். விதியன்று அது; ஓர் அலுவலரின் முடிவு! மனிதன் எழுதியதை மனிதன் மாற்றலாம். 60 நாட்களுக்குள் மறு ஆய்வு கோரலாம். அதுவும் பொய்த்தால் விசாரணை நீதிபதி, அதன் மேல் முறையீட்டு மன்றம், இறுதியில் நீதிமன்றம் எனப் படிகள் உண்டு. விலக்குக் கேட்டவரை நேரில் அழைத்துக் கேளாமல் தொகையைப் பிடித்தலாகாது என்று 1979-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஒருவனிடம் குற்றமுண்டா என்பதைத் தாளை மட்டும் புரட்டி அறிய முடியாதன்றோ?

ஆகவே, மேல்முறையீடு இரந்து நிற்பதன்று. "என் பிழை எது? காட்டுக!" என்று நிமிர்ந்து கேட்பது. காட்ட இயலாத அரசு, கை நீட்டவும் உரிமையற்றது.