இல்லாத பெண்ணின் மாண்பு

உயிரில்லாத ஒன்றுக்கு அநீதி இழைக்க முடியுமா? கல்லைத் திட்டுகிறவனை நாம் பித்தன் என்போமே தவிர, பாவி என்று சொல்வதில்லை. கணிப்பொறித் திரையில் ஒளிப்புள்ளிகளால் ஆன ஒரு பெண்ணுருவத்திற்கு ஆன்மா இல்லை, நாணம் இல்லை, வலி இல்லை. அவளுக்கு எத்தகைய உடலைக் கொடுத்தால் என்ன? அதை எதைக் கொண்டு மூடினால் என்ன, மூடாவிட்டால்தான் என்ன? வீடியோ விளையாட்டுகளில் பெண் பாத்திரங்கள் உடற்கவர்ச்சிக்கென்றே வடிக்கப்படுவதைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இக்கேள்வியும் உடன் எழுகிறது. இதனை ஒதுக்கிவிட்டு நடப்பது நேர்மையாகாது. பெற்றோர் கூட்டங்களில் 'ஆபாசம்' என்ற ஒரே சொல்லோடு இதை முடித்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அச்சொல் நமது சினத்தைக் காட்டுகிறதே ஒழிய, தவறு எங்கே குடியிருக்கிறது என்பதைக் காட்டுவதில்லை.

ஓர் உருவத்தை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் டெர்பி நகரில் இயங்கிய கோர் டிசைன் நிறுவனம் 1996-இல் 'டூம் ரெய்டர்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அதன் நாயகி லாரா கிராஃப்ட். புதையுண்ட நகரங்களுக்குள் தனியே நுழைந்து, ஓநாய்களையும் கரடிகளையும் எதிர்த்து நின்று, பாறைக்குப் பாறை தாவுகிறவள். அதுவரை ஆட்டங்களில் பெண் என்றால் பெரும்பாலும் மீட்கப்பட வேண்டியவளே. 1981-இன் 'டான்கி காங்' ஆட்டத்தில் கொரில்லா அவளைத் தூக்கிச் செல்கிறது. 1985-இன் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தில் இளவரசியாகச் சிறையிருக்கிறாள். லாராவோ எவருக்காகவும் காத்திருக்கவில்லை. அவளை வரைந்த டோபி கார்ட் முதலில் ஓர் ஆணைத்தான் வரைந்திருந்தார். அது இந்தியானா ஜோன்ஸ் படங்களின் நாயகனைப் பெரிதும் ஒத்திருந்ததால், ஆண் பெண்ணானான். இதுவரை குறைசொல்ல ஒன்றுமில்லை. மகிழவே இடமுண்டு.

ஆனால் அன்றைய கருவிகளின் ஆற்றல் மிகக் குறைவு. ஓர் உருவத்தைச் சில நூறு பல்கோணத் துண்டுகளைக் கொண்டே அமைத்தாக வேண்டும். விரல்களைத் தனித்தனியே காட்ட இயலாது. முகத்தில் ஒரு புன்னகையைக்கூட ஒழுங்காக வரவழைக்க இயலாது. அத்தனை வறுமையிலும், மார்புக்கென இரண்டு கூம்புகளை எடுப்பாக நிறுத்த மட்டும் மறக்கவில்லை. வறுமைக் காலத்தில் ஒரு வீட்டில் எதற்குச் செலவு செய்யப்படுகிறது என்பதைப் பார்த்தால், அவ்வீட்டார் எதை முதன்மையாகக் கருதுகிறார்கள் என்பது விளங்கும் அன்றோ?

பின்னர் நடந்தது இன்னும் தெளிவானது. 1997-இல் 'தி ஃபேஸ்' என்னும் பிரித்தானிய இதழின் அட்டையில் லாரா தோன்றினாள். லூக்கோசேட் பானத்திற்கு விளம்பரம் செய்தாள். அவளைப் போல உடையணிந்து சந்தைகளிலும் கண்காட்சிகளிலும் நிற்பதற்கென உயிருள்ள பெண்கள் அமர்த்தப்பட்டனர். தன் படைப்பு விற்கப்பட்ட விதம் பிடிக்காமல் டோபி கார்ட் அதே ஆண்டில் நிறுவனத்தை விட்டு விலகினார். நிறுவனத்திற்கு வெளியே இருந்த எவரோ அவளது ஆடையைக் களைந்து காட்டும் கணிப்பொறி நிரல் ஒன்றை எழுதிப் பரப்பினர். உரிமையாளர்கள் அதை எதிர்த்தார்கள். ஓரளவு காட்டி விற்றவர்களே முழுவதும் காட்டியவர்கள்மீது சினந்ததில் உள்ள முரண்பாட்டை நாம் சுட்டிக்காட்டத் தேவையில்லை.

இன்னும் பழைய ஒரு சான்று உண்டு. இங்கே ஓவியத்திற்கும் ஆட்டத்திற்கும் உள்ள வேறுபாடு பளிச்சிடுகிறது. நின்டெண்டோ நிறுவனம் 1986-இல் வெளியிட்ட 'மெட்ராய்டு' ஆட்டத்தில், தலைமுதல் கால்வரை இரும்புக் கவசம் பூண்ட வீரர் ஒருவர் அயற்கோளின் சுரங்கங்களில் போரிடுகிறார். ஆட்டத்தோடு வந்த கையேடு அவரை ஆணென்றே குறிப்பிட்டது. ஆட்டத்தை விரைந்து முடித்தால் கவசம் கழன்று, உள்ளே இருப்பவள் பெண் என்று தெரியவரும். மூன்று மணி நேரத்திற்குள் முடித்தால் உடலைக் கவ்விய மெல்லுடையில் நிற்பாள். ஒரு மணி நேரத்திற்குள் முடிக்கும் திறமைசாலிக்கு நீச்சலுடையில் காட்சி தருவாள். அத்தனை நேரமும் அந்த வீரராகவே ஓடியவர், விழுந்தவர், மூச்சு வாங்கியவர் ஆட்டக்காரர். இறுதியில் அவருக்கு அவளே பரிசாகக் கொடுக்கப்படுகிறாள். ஓவியம் தன்னைப் பார்க்க விடுகிறது, அவ்வளவே. ஆட்டமோ ஒரு பயிற்சிக்கூடம். எதைச் செய்தால் எது கிடைக்கும் என்பதை நூறுமுறை செய்வித்துக் கற்பிக்கிறது. திறமைக்குக் கூலி பெண்ணின் உடல் என்பது அங்கே யாரும் வாய்திறந்து சொல்லாத பாடம்.

"ஆண்களையும்தானே மிகைப்படுத்தி வரைகிறார்கள்? மலைபோன்ற தோள்களும் மரம்போன்ற கைகளும் இயல்பானவையா?" என்று கேட்பாருண்டு. இயல்பானவை அல்ல என்பது உண்மையே. ஆனால் அந்தத் தோள்கள் யாருக்காக? தானும் அப்படி வலிமையோடு இருக்க வேண்டும் என விரும்பும் ஆணுக்காக. பெண்ணின் மிகைப்படுத்தப்பட்ட உடலும் அதே ஆணுக்காகவே. ஒன்று அவன் அணிந்துகொள்வதற்கு. மற்றது அவன் அனுபவிப்பதற்கு. மிகை இரண்டிலும் உண்டு, மிகையின் திசைதான் வேறு.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்றும் இருக்கிறது. 2009-இல் ஜப்பானில் வெளியான 'பயோனெட்டா' ஆட்டத்தின் நாயகியை வரைந்தவர் மாரி ஷிமாசாகி என்ற பெண். அந்நாயகியின் கூந்தலே அவளது ஆடை. அதைக் கொண்டே அவள் தாக்கும்போது ஆடை அவிழ்கிறது. அவள் தன்னுடலைத் தானே ஆள்கிறாள், எவருக்கும் அஞ்சவில்லை, தன் கவர்ச்சியைக் கண்டு தானே சிரிக்கிறாள் என்று அவளை விரும்பி ஆடும் பெண்களும் உண்டு. இவர்களை ஏமாந்தவர்கள் என்று தள்ளுவது அகந்தையாகும். எனினும் நாம் பாதியளவே இணங்குகிறோம். தன்னுடலைத் தானே ஆள்கிறவளுக்குத் தன் ஆடை எப்போது அவிழும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை இருக்க வேண்டும். இங்கே அதைத் தீர்மானிப்பது பொத்தானை அழுத்தும் விரல்.

சாக்குகள் தேடுவதில் கற்பனை வளம் மிக்கவர்களையும் இத்துறையில் காணலாம். 2015-இல் வெளியான ஐந்தாவது 'மெட்டல் கியர் சாலிட்' ஆட்டத்தில் குவையட் என்றொரு பெண் வருகிறாள், குறி தப்பாமல் சுடுகிறவள், பேசாதவள். போர்க்களத்தில் மார்புக்கச்சையும் கிழிந்த காலுறையும் அணிந்து திரிகிறாள். தோலின் வழியாக மூச்சு விடுகிறவளாம். உடுத்தினால் மூச்சு முட்டிவிடுமாம்! இயக்குநர் ஹிதியோ கொஜிமா 2013-இலேயே, உண்மைக் காரணம் தெரியும்போது குறைசொன்னவர்கள் தங்கள் சொல்லுக்கு வெட்கப்படுவார்கள் என்றார். அதே நாள்களில், பொம்மைகள் நன்கு விற்கும்படி அவளை இன்னும் கவர்ச்சியாக்கச் சொல்லியிருந்ததையும் அவரே வெளியிட்டிருந்தார். இத்தொடரின் 2004-ஆம் ஆண்டு ஆட்டத்தில் ஒரு முதியவர் வருகிறார். அவரும் குறிபார்த்துச் சுடுகிறவர். செடிகளைப் போலச் சூரிய ஒளியால் உயிர்வாழ்கிறவர். அவர் உடம்பை மூடியே இருக்கிறார். ஒளியும் அவருக்குக் குறைவின்றிக் கிடைத்தது போலும். குவையட்டின் முகமும் அசைவும் உயிருள்ள ஒரு நடிகையிடமிருந்து எடுக்கப்பட்டவை என்பதையும் நினைவில் வைப்போம். 'யாருமில்லாத பெண்' என்னும் வாதம் இங்கேயே விரிசல் காண்கிறது.

அப்படியானால் மறைப்பின்மைதான் குற்றமா? இங்கே நமது திருச்சபையின் வரலாறே நம்மைத் தயங்க வைக்கிறது. சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கேலாஞ்சலோ 1541-இல் முடித்த 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தில் புனிதர்களும் பாவிகளும் ஆடையின்றி நின்றார்கள். பலர் முகஞ்சுளித்தனர். 1565-இல் தனியேலே தா வொல்தெரா என்ற ஓவியர் அமர்த்தப்பட்டு, உருவங்கள்மேல் துணி வரைந்து மூடினார். மக்கள் அவருக்குக் 'கால்சட்டைக்காரர்' என்று பட்டப்பெயர் சூட்டினர். பாவம், நல்ல கலைஞர். பெயர் இப்படி நிலைத்துவிட்டது. ஓவியம் தூய்மைப்படுத்தப்பட்ட பின், 1994 ஏப்ரல் 8 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அங்கே திருப்பலி நிறைவேற்றியபோது, அச்சிற்றாலயத்தை மனித உடலைப் பற்றிய இறையியலின் தூயகம் என்று போற்றினார். பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட துணிகளில் சில நீக்கப்பட்டே இருந்தன. இதே திருத்தந்தை 1981-இல் தமது புதன்கிழமை உரைகளில், கலையில் உடல் காட்டப்படுவதைப் பற்றிப் பல வாரங்கள் பேசியவர். உடல் தெரிகிறதா என்பதன்று அவர் எழுப்பிய கேள்வி. உடலுக்குரிய ஆள் அதில் தெரிகிறாரா, அல்லது பெயரற்ற பண்டமாகிவிட்டாரா என்பதே. பார்ப்பவரின் கண்ணுக்கும் ஓர் அறம் உண்டு. படைப்பவரின் கருத்துக்கும் ஓர் அறம் உண்டு என்றார்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், சில எதிர்பாராத முடிவுகள் கிடைக்கின்றன. 2016 மார்ச்சில், பிளிசார்ட் நிறுவனத்தின் 'ஓவர்வாட்ச்' ஆட்டம் முழுமையாக வெளிவருவதற்கு முன், ட்ரேசர் என்ற பாத்திரத்தின் வெற்றித் தோற்றம் ஒன்று நீக்கப்பட்டது. பின்புறத்தைக் காட்டித் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கும் நிலை அது. சிறு மகள் ஒருத்தியின் தந்தையான ஆட்டக்காரர் எழுதிய கடிதமே தொடக்கம். கவர்ச்சி கூடாது என்று அவர் எழுதவில்லை. துறுதுறுப்பும் குறும்பும் நல்லெண்ணமும் நிறைந்த இப்பெண்ணின் குணத்திற்கும் இந்நிலைக்கும் ஒட்டே இல்லை என்றுதான் எழுதினார். நிறுவனம் மாற்றியது. புதிய தோற்றத்திலும் அவள் பின்புறம் தெரியவே செய்தது! ஆனால் காலை மடக்கிக் குறும்பாகச் சிரிக்கும் அத்தோற்றத்தில் அவள் இருந்தாள். பலர் நகைத்தார்கள். நமக்கோ அந்தத் தந்தை பல அறநெறி உரையாளர்களைவிடக் கூர்மையாகச் சிந்தித்தவராகவே தெரிகிறார்.

இதற்கு நேர்மாறானதையும் அதே நிறுவனம் செய்தது. பெண் ஊழியர்கள் நடத்தப்பட்ட விதம் குறித்துக் கலிஃபோர்னியா மாநில அரசு 2021 ஜூலையில் அதன்மீது வழக்குத் தொடுத்தது. குற்றச்சாட்டுகளை நிறுவனம் மறுத்தது. 2023 டிசம்பரில் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. வழக்கு எழுந்த சில வாரங்களிலேயே 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டத்தின் சுவர்களில் தொங்கிய பெண் ஓவியம் ஒன்று பழத்தட்டாக மாறியது. வொல்தெராவின் துணியாவது உருவங்களை விட்டுவைத்தது. அலுவலகத்தில் உள்ள பெண்ணைப் பற்றிய கேள்விக்குச் சுவரில் உள்ள பெண்ணை அகற்றுவது விடையாகுமா?

லாராவுக்கும் ஆடை நீண்டது. 2013-இல் கிரிஸ்டல் டைனமிக்ஸ் நிறுவனம் அவளை இருபத்தொரு வயது இளம்பெண்ணாக, இயல்பான உடலோடு, முழுக்கால் சட்டையோடு மீண்டும் படைத்தது. பாராட்டத்தக்கதே. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு அதன் நிர்வாகத் தயாரிப்பாளர், ஆட்டக்காரருக்கு அவளைக் காப்பாற்ற வேண்டும் என்ற உணர்வு எழும் என்று பேட்டியளித்தார், எதிர்ப்பும் கிளம்பியது. வெளிவந்த ஆட்டத்தில் அவள் தவறி விழுந்து கம்பிகளிலும் கிளைகளிலும் குத்துண்டு இறக்கும் காட்சிகள் நெருக்கமாகவும் நீளமாகவும் காட்டப்பட்டன. காமத்தோடு பார்த்த கண் இப்போது இரக்கத்தோடு பார்க்கிறது, அல்லது இரக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது. அவள் இன்னமும் பார்க்கப்படுகிறவளே.

மலைப்பொழிவில் ஆண்டவர் இச்சையோடு நோக்கும் கண்ணைப் பற்றிப் பேசியபோது, நோக்கப்பட்ட பெண்ணுக்கு அது தெரிந்ததா என்று கேட்கவில்லை. குற்றம் முதலில் பார்ப்பவனின் உள்ளத்தில் நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே திரையிலுள்ள பெண்ணுக்கு வலி உண்டா என்பது நாம் தொடக்கத்தில் எண்ணியது போல வழக்கைத் தீர்க்கும் கேள்வியன்று. இந்த ஆட்டங்களை ஆடுகிறவன் நாளை ஒரு பெண்ணுக்குத் தீங்கு செய்வான் என்று நாம் வாதிடவுமில்லை. நமது வாதத்திற்கு அது வேண்டியதும் இல்லை. ஒரு பெண்ணை ஆளாகக் காணும் கண் மெல்லத் தேய்வதே போதிய இழப்பு. தேய்ந்த கண்ணோடுதான் அவன் மனைவியையும் மகளையும் உடன் பணிபுரிவோரையும் பார்க்கப்போகிறான்.

வெறும் படந்தானே என்று சொன்னவர்கள், படத்தைக் கேள்வி கேட்டவர்களை எப்படி நடத்தினார்கள் என்பதைப் பார்ப்போம். ஆட்டங்களில் பெண்கள் சித்திரிக்கப்படும் விதத்தை ஆராய்ந்து காணொளித் தொடர் வெளியிட்ட அனிதா சர்க்கீசியன் 2014-இல் அச்சுறுத்தல்களால் தம் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றவிருந்த உரை, கூட்டத்தினரைக் கொல்வோம் என்ற மிரட்டல் வந்தபின் கைவிடப்பட்டது. அரங்கினுள் துப்பாக்கி கொண்டுவருவதைத் தடுக்க அம்மாநிலச் சட்டத்தில் இடமில்லை என்று காவல்துறை கூறிவிட்டது. 2020-இல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' ஆட்டத்தின் இரண்டாம் பகுதி வெளிவந்தது. அதில் அபி என்ற பெண் வருகிறாள். பளு தூக்கி இறுகிய கைகள், அகன்ற தோள்கள். கதையில் அவள் ஒரு கொலை செய்கிறாள் என்பதற்காக மட்டும் வெறுப்பு எழவில்லை. பெண்ணுக்கு இப்படியோர் உடலா என்றும் கொதித்தார்கள். அந்த உடலில் அவர்களுக்கென்று எதுவும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. அபிக்குக் குரலும் நடிப்பும் கொடுத்த லாரா பெய்லி, தமக்கு வந்த கொலை மிரட்டல்களை அவ்வாண்டு ஜூலையில் வெளியிட்டார். அவற்றுள் அவரது கைக்குழந்தையைக் குறித்தும் எழுதப்பட்டிருந்தது.