பசியும் நாணமும்

பசித்த பிள்ளைக்கு உணவளித்தல் நன்றென்பதை மறுப்பார் எவருமிலர். ஆனால், அவ்வுணவை எவ்வாறு அளிப்பது என்ற வினா எழும்போதுதான் ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளை எவ்வாறு மதிக்கின்றது என்பது வெளிப்படுகின்றது. கொடுக்கும் முறை கொள்வோனைத் தாழ்த்துமாயின் அக்கொடை அறமாகுமா? இவ்வினாவுக்கு விடைகாண, செல்வத்திற் சிறந்த நாடெனப் பேசப்படும் ஐக்கிய அமெரிக்காவின் பாடசாலைக் காலையுணவு வரலாறு பெரிதும் துணைபுரியும்.

அந்நாட்டரசு 1966ஆம் ஆண்டில் இத்திட்டத்தைப் பரீட்சார்த்தமாக ஆரம்பித்தது. வறிய பிரதேசங்களுக்கும், மாணவர் நெடுந்தூரம் பிரயாணஞ் செய்து வரும் பாடசாலைகளுக்கும் முதலிடம் கொடுக்கப்பட்டது. 1975இல் அது நிரந்தரமாயிற்று. இதற்கிடையில், 1969 சனவரியில், கலிபோர்னியாவின் ஒக்லண்ட் நகரத் தேவாலயம் ஒன்றில் கருஞ்சிறுத்தைக் கட்சியினர் பிள்ளைகளுக்கு இலவசக் காலையுணவு வழங்கத் தொடங்கினர். விரைவில் அது பல நகரங்களுக்கும் பரவியது. கூட்டரசின் புலனாய்வுத் துறைத் தலைவர் எட்கர் ஹூவர் அதனைப் பேராபத்தாகக் கருதினார். பாலும் முட்டையும் ஓர் அரசின் காவலரை அஞ்சவைத்ததன் காரணம் தெளிவு: அவை அக்கட்சிக்கு மக்களின் நன்மதிப்பை ஈட்டித் தந்தன.

அரசின் திட்டமோ பிள்ளைகளைத் தரம் பிரித்தது. குடும்ப வருமானம் வறுமைக்கோட்டின் 130 வீதத்துக்கு மேற்படாதோருக்கு இலவசம், 185 வீதம் வரையுள்ளோருக்குக் குறைந்த விலை, ஏனையோருக்கு முழுவிலை. கணக்கு நேர்மையானதாகவே தோன்றும். ஆயின், மதியவுணவு உண்போர் தொகையோடு ஒப்பிடுமிடத்து, காலையுணவு உண்போர் தொகை நெடுங்காலமாக மிகக் குறைந்தே வந்துள்ளது. உணவு இருக்கின்றது, பசியும் இருக்கின்றது, பிள்ளை மட்டும் வருவதில்லை. ஏன்?

பெற்றோரின் அசட்டை, பிள்ளையின் சோம்பல் என்று கூறிவிடுதல் எளிது. உண்மை வேறு. மணி அடிக்குமுன், சிற்றுண்டிச்சாலையிலேயே காலையுணவு பரிமாறப்படுவது வழக்கம். பஸ் பிந்தினால் உணவில்லை. நேரத்தோடு வந்தாலும், அவ்வேளையில் அங்கு செல்பவன் வீட்டில் உணவில்லாதவன் என்பது யாவருக்கும் தெரிந்துவிடும். மதியத்தில் பலரும் கூடி உண்பர். அக்கூட்டத்தில் ஏழைப் பிள்ளை மறைந்துகொள்ளலாம். காலையில் மறைவிடமில்லை. மதியவுணவுக்குக் கடன்பட்ட பிள்ளையின் கையில் முத்திரை குத்தி அனுப்பிய பாடசாலைகளும் அங்கிருந்தன. இத்தகைய அவமதிப்பை நியூ மெக்சிக்கோ மாநிலம் 2017இல் சட்டத்தினால் தடுத்தது. பசியா, நாணமா என்று கேட்டால், பத்து வயதுப் பிள்ளை பசியையே தெரிந்தெடுக்கின்றது. அத்தெரிவை அதன்முன் வைத்தவர் வளர்ந்தோரன்றோ?

பரிகாரம் கடினமானதன்று. மணி அடித்த பின், வகுப்பறையிலேயே, எல்லோருக்கும் விலையின்றி உணவளித்த பாடசாலைகளில் உண்போர் தொகை பெருகிற்று. நியூயோர்க் நகரம் 2003இல் காலையுணவை யாவருக்கும் இலவசமாக்கியது. வறியோர் மிகுந்த பாடசாலைகள் குடும்பந்தோறும் விண்ணப்பம் வாங்காமலே அனைவருக்கும் உணவளிக்க 2014இல் நாடெங்கும் வழி பிறந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் நாடு முழுவதும் வழங்கப்பட்ட சலுகை 2022இல் முடிவுற்றபோது, கலிபோர்னியா, மேயின் ஆகிய மாநிலங்கள் அதனைத் தாமே தொடர்ந்தன.

“வசதிபடைத்தோன் பிள்ளைக்கும் பொதுப்பணத்திலா உணவு?” என்று கேட்போர் உளர். அதற்கு விடை நம் நாட்டிலேயே உண்டு. இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும், 1980இல் பாடநூல்களும் 1993இல் சீருடைத் துணியும் இலவசமாக வந்தபோதும் தகப்பனின் சம்பளத்தை எவரும் விசாரிக்கவில்லை. ஆதலினாலேயே இலவசப் பாடநூலை ஏந்திச்செல்ல எந்தப் பிள்ளையும் நாணுவதில்லை. செல்வனிடம் பெறவேண்டியதை வரியாகப் பெறலாம். அதற்காக ஏழையின் பிள்ளையைத் தனிப் பந்தியில் இருத்தவேண்டியதில்லை.

ஒரு கோப்பைப் பால் பெற்றோரின் நியாயமான கூலிக்கு ஈடாகாது. வறுமையின் வேர் உழைப்பின் பயன் பறிபோவதிலேதான் உள்ளது. எனினும், சமுதாயம் மாறும்வரை பசித்திரு என்று ஒரு பிள்ளையிடம் கூற எவருக்கும் உரிமையில்லை.

“காலையில் சாப்பிடாதவர்கள் கையை உயர்த்துங்கள்” என்று அன்போடு கேட்கும் ஆசிரியரும், தம்மை அறியாமலே வகுப்பறையின் நடுவே ஒரு கோட்டைக் கீறிவிடுகின்றார். கைகள் உயர்வதில்லை, பசித்தவனே முதலிற் கையை ஒளிக்கின்றான். எல்லோர் முன்னும் உணவு வைக்கப்படும் வகுப்பறையில் அக்கேள்விக்கு இடமே இராது. பிள்ளைகளை உண்ணச் செய்யவேண்டுமாயின் நாம் முதலிற் செய்யவேண்டியது, அக்கேள்வியை அகற்றுவதே.