குற்றம் முடிவாகும் முன் வாக்கு பறிபோகலாமா?

ஒரே வழக்கில் இருவர் கைதாகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்காகக் கையெழுத்திட சொத்துள்ள ஜாமீன்தாரர் வருகிறார். அவர் வெளியே வந்து தேர்தலில் வாக்களிக்கிறார். மற்றவருக்கு அப்படி யாரும் இல்லை. அவர் சிறையிலேயே கிடக்கிறார், வாக்கையும் இழக்கிறார். இருவர் மீதும் குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. இது நியாயமா?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 62(5) பிரிவு, சிறையில் இருப்பவரும் போலீஸ் காவலில் இருப்பவரும் வாக்களிக்கக் கூடாது என்கிறது. தண்டனைக் கைதியையும் விசாரணைக் கைதியையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பங்கினர் குற்றவாளி என்று தீர்ப்புப் பெறாதவர்கள்.

இந்தத் தடையை உச்ச நீதிமன்றம் 1997-இல் ஏற்றது. கைதிகள் வாக்களிக்கக் கூடுதல் காவலும் ஏற்பாடும் தேவை, குற்றப் பின்னணி உள்ளவர்களைத் தேர்தலிலிருந்து விலக்குவதும் அவசியம் என்பவை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். தேர்தல் தூய்மை பற்றிய கவலை உண்மையானது. ஆனால் அந்தக் கவலைக்கு இந்தத் தடை மருந்தாகவில்லை. கொலை வழக்கில் ஜாமீனில் இருப்பவர் வாக்களிக்கலாம். சிறு திருட்டு வழக்கில் உள்ளே இருப்பவர் வாக்களிக்கக் கூடாது. இங்கே அளக்கப்படுவது குற்றத்தின் கடுமை அல்ல; வெளியே வரும் வசதி.

ஏற்பாடு செய்ய முடியாது என்பதும் நிற்காது. தடுப்புக் காவலில் இருப்பவர்களுக்குத் தபால் வாக்கு இப்போதே உண்டு. அந்த வழியை விசாரணைக் கைதிக்கும் திறக்கலாம். தென்னாப்பிரிக்காவின் அரசியல் சட்ட நீதிமன்றம் 1999-இல் கைதிகளின் வாக்குரிமையை உறுதிசெய்து, அதற்கான ஏற்பாட்டைச் செய்யும்படி தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது.

நம் சட்டத்துக்குள்ளேயே ஒரு முரண் இருக்கிறது. வாக்களிக்க முடியாதவர் போட்டியிடவும் முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, சிறையிலிருந்து போட்டியிடும் உரிமையைக் காத்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் கைதான ஜார்ஜ் பெர்னாண்டஸ், 1977-இல் சிறையில் இருந்தபடியே முசாபர்பூரில் வென்றார். அந்த உரிமையைக் காத்தது சரிதான். ஆனால் வேட்பாளருக்குக் காட்டிய அக்கறை வாக்காளருக்குக் காட்டப்படவில்லை.

தண்டனை பெற்றவரின் வாக்கு தனியே விவாதிக்கத்தக்கது. கொடுங்குற்றத்துக்கு அதைத் தண்டனையின் பகுதியாக்கலாம் என்று வாதிட இடமுண்டு. அப்படியானாலும் அதை வழக்கைக் கேட்ட நீதிபதி தீர்ப்பில் சொல்ல வேண்டும். சிறைக் கதவு தானாகப் பறிக்கக் கூடாது.

2022-இல் நம் சிறைகள் கொள்ளளவில் 131 சதவீதம் நிரம்பியிருந்தன. உள்ளே இருப்பவர்களிடம் வாக்குக் கேட்டு யாரும் போவதில்லை. அந்த நெரிசலுக்கு யாரும் பதில் சொல்வதுமில்லை. குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதி என்பதை நாம் நம்புகிறோம் என்றால், விசாரணைக் கைதிகளுக்குத் தபால் வாக்கு தரும் வகையில் நாடாளுமன்றம் 62(5)-ஐத் திருத்த வேண்டும்.