ஆட்டம் முடிந்த பிறகு வரும் ஆண்டுகள்

2020ஆம் ஆண்டு என்றால் எல்லோருக்கும் கொரோனாதான் நினைவுக்கு வரும். புதுச்சேரியை அடுத்த பாகூர்ப் பக்கம் எங்கள் வயதுக்காரர்கள் சிலருக்கு அந்த ஆண்டில் வேறு இழப்புகளும் உண்டு. மார்ச் 20 அன்று கால்பந்து வீரர் பி.கே. பானர்ஜி காலமானார். ஏப்ரல் 30 அன்று அவரோடு இந்திய அணியில் ஆடிய சுனி கோஸ்வாமி. செப்டம்பர் 25 அன்று பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம். சரியாக இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 25 அன்று டீகோ மரடோனா. இந்த நான்கு பேரில் ஒருவரோடும் நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் சொந்தத்தில் சாவு விழுந்தது போலத்தான் இருந்தது.

எங்கள் கூட்டம் சின்னது. கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரி உள்வாயில் ஒரு காலத்தில் பந்து உதைத்தவர்கள். இன்று ஒருவர் நெல் பயிரிடுகிறார், ஒருவர் மில் மூடியதில் வேலையை இழந்தவர், ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார். சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் கூடினால் பேச்சு நெல் விலையில் தொடங்கிப் பந்துக்குப் போகும். பந்திலிருந்து பாட்டுக்கு, பாட்டிலிருந்து சர்க்கரை மாத்திரைக்கு.

1986 உலகக் கோப்பையின்போது எங்களுக்குப் பதினாறு, பதினேழு வயது. மெக்சிகோவில் நண்பகலில் தொடங்கிய ஆட்டம் நமக்கு இரவு பதினொன்றரை மணி. டிவி இருந்த வீட்டின் வாசலில் தெருவே உட்கார்ந்திருந்தது. ஜூன் 22 அன்று இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதியில் மரடோனா முதல் கோலைக் கையால் தட்டிவிட்டார். அடுத்த நான்கு நிமிடத்துக்குள், தன் பக்கத்துப் பாதியில் கிடைத்த பந்தோடு ஓடத் தொடங்கி, எதிரில் வந்தவர்களையெல்லாம் தாண்டி, கோல்காப்பாளரையும் ஏமாற்றி இரண்டாவது கோலைப் போட்டார். புதுச்சேரி நகரத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் பல உண்டு. அவர்களுக்கு பிரான்ஸ் ஆடினால்தான் உலகக் கோப்பை. எங்களுக்கோ அந்த இரவிலிருந்து அர்ஜென்டினாதான்.

பாட்டு அப்படி ஓர் இரவில் வந்ததல்ல. இலங்கை வானொலியிலும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் டவுன் பஸ்ஸிலும் இளையராஜாவும் எஸ்.பி.பி.யும் நாள் முழுக்கக் கூடவே இருந்தார்கள். பந்து ஆண் பிள்ளைகளிடம் மட்டும் இருந்தது. பாட்டு எல்லோருக்கும் கிடைத்தது. நடவு வயலில் இருந்த அக்காமாருக்கும் அடுப்படியில் இருந்த அம்மாக்களுக்கும் அதே பாட்டுதான். அதனால்தான் இன்றும் வீட்டில் மரடோனா பேச்சை எடுத்தால் எங்களைத் தவிர யாரும் கேட்பதில்லை, பழைய பாட்டு ஒன்று ஒலித்தால் வீடே சேர்ந்து பாடுகிறது.

பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் பின்னாளில் மிக அதிகமாக நினைவுக்கு வருகின்றன என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். பலவற்றை முதல்முறையாகக் காணும் வயது அது. அப்படியென்றால் மரடோனாவுக்காக நாங்கள் வருந்தியது உண்மையில் எங்கள் பதினாறு வயதுக்காகத்தானா? அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத்தான் இப்போது அதிகம் யோசிக்கிறேன். நம் நாயகர்கள் நமக்கு முன்னால் முதுமைக்குள் நடந்து போனவர்கள். எப்படிப் போனார்கள் என்று பார்ப்பதிலும் நமக்குப் பாடம் உண்டு.

பாடகருக்கு அந்தப் பயணம் நீண்டது. எஸ்.பி.பி. எழுபதைத் தாண்டியும் பாடினார். இளையராஜா தம் 81ஆம் வயதில், 2025 மார்ச் 8 அன்று, லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். பந்தாட்டக்காரருக்கு அந்த வரம் கிடையாது. மரடோனா அர்ஜென்டினாவுக்காகப் போட்ட கடைசி கோல் 1994 உலகக் கோப்பையில், கிரீஸுக்கு எதிராக. அப்போது அவருக்கு வயது 33. சில நாளில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி வெளியேற்றப்பட்டார். அதன்பின் இருபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தார். போதையும் நோயும் அவரை விடவில்லை. அவருடைய கால்கள் செய்த அற்புதத்துக்கு இணையாக வாழ்க்கையில் வேறெதுவும் அமையவில்லையோ என்று எனக்குத் தோன்றும்.

நம் நாட்டிலேயே வேறு பாதையில் போனவர்களும் இருக்கிறார்கள். 1962 செப்டம்பர் 4 அன்று ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா ஆசிய விளையாட்டுத் தங்கம் பெற்றது. கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ், வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணியில் வளர்ந்தவர். செகந்திராபாத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமும் அந்த அணியில் இருந்தார். அணித் தலைவர் சுனி கோஸ்வாமி 1964இலேயே சர்வதேசக் கால்பந்திலிருந்து விலகினார், கிரிக்கெட்டும் ஆடினார், 1971-72இல் வங்காள அணியை ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டம் வரை அழைத்துச் சென்றார். அதே அணியில் ஆடிய பி.கே. பானர்ஜி பயிற்சியாளராகி அடுத்த தலைமுறைகளை உருவாக்கினார். பலராமை நுரையீரல் நோய் இருபத்தேழு வயதுக்குள் மைதானத்தை விட்டு அனுப்பியது. அவரும் பிறகு சிறுவர்களுக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுத்தார். வாழ்க்கையின் மிகப் பெரிய நாள் கடந்துபோன பிறகு கோஸ்வாமி, பானர்ஜி, பலராம் மூவருக்கும் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் மிச்சமிருந்தன. அந்த அறுபது ஆண்டுகளை அவர்கள் வீணாக்கவில்லை.

எங்கள் பெரிய நாட்கள் மிகச் சிறியவை. பக்கத்து ஊரோடு ஆடிய ஒரு பொங்கல் போட்டி, கடைசி நிமிடத்தில் கிடைத்த ஒரு கார்னர், அவ்வளவுதான். ஆனால் மிச்சமிருக்கும் ஆண்டுகளின் கேள்வி எங்களுக்கும் அதேதான். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சர்க்கரை ஏறுகிறது. பெஞ்சில் உட்கார்ந்து, ஆடும் பையன்களைப் பார்த்து “எங்க காலத்துல எல்லாம்...” என்று தொடங்குவது சுலபம். அந்த வாக்கியம் பையன்களுக்கு எதையும் கொடுப்பதில்லை, அவர்கள் ஆட்டத்தைச் சிறுமைப்படுத்துகிறது. மரடோனாவை அளவுகோலாக்கி ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அளப்பது மரடோனாவுக்கும் மரியாதை அல்ல.

எங்களில் ஒருவர் அதை நன்றாகப் புரிந்துகொண்டார். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்கிறார். ஓட முடியாது, நின்ற இடத்திலிருந்தே “பந்தைப் பாக்காதடா, பாஸ் வாங்கறவனப் பாரு” என்கிறார். பையன்கள் அவரைப் பெரியப்பா என்கிறார்கள். மரடோனா கதையை அவர் சொல்வதும் உண்டு, இடது காலால் உதைக்க ஒரு பிள்ளை தயங்கும்போது மட்டும்.

புதிய நாயகர்கள் தொலைவில்தான் பிறப்பார்கள் என்றும் இல்லை. பாகூரிலிருந்து தென்பெண்ணையைத் தாண்டினால் கடலூர். அந்த ஊர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணியாற்றியவர். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை வென்று தேசியப் பட்டம் பெற்றது. எங்கள் காலத்தில் பந்து ஆண் பிள்ளைகளிடம் மட்டும் இருந்தது என்றேன். இப்போது அப்படி இல்லை. இதைப் பார்க்கவும் எங்களுக்கு ஆயுள் கிடைத்திருக்கிறது.

பழைய நாயகர்களைப் பேசுவதை நிறுத்த வேண்டியதில்லை, அதில் நட்பும் நன்றியும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பேச்சு எங்களைப் பெஞ்சோடு கட்டிப்போடக் கூடாது. 1986இல் யாரோ ஒருவர் தம் டிவியை வாசலுக்கு நகர்த்தி வைத்து, தூக்கத்தை விட்டு எங்களை உட்காரவிட்டார். நாங்கள் பெற்ற மகிழ்ச்சி அவர் கொடுத்தது. இன்று ஊரில் பந்து வாங்கப் பணமில்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள், கைதட்ட ஆளில்லாத ஆட்டங்கள் நடக்கின்றன. ஐம்பதைத் தாண்டியவர்களின் ஆட்டம் அங்கேதான் இருக்கிறது.