ஒரு வாரத்துக் கடன்

டொராண்டோ போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "எங்கே தங்கப் போறீங்க?" நயாகரா பார்ப்பீர்களா என்பதெல்லாம் அப்புறம்தான்.

ஏரிக்கரையை ஒட்டி ஹோட்டல் எடுக்கலாம். 553 மீட்டர் சி.என். டவர் நடந்து போகிற தூரம். தீவுகளுக்குப் போகும் படகுத்துறையும் பக்கத்தில். வாடகை மட்டும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாத ரகம். கொஞ்சம் மலிவாக, ஆன்லைனில் பிடிக்கிற அபார்ட்மென்ட் எடுக்கலாம். அல்லது ஸ்கார்பரோ. 1998-ல் டொராண்டோவோடு இணைக்கப்படும்வரை தனி நகரமாக இருந்த கிழக்குப் பகுதி. அங்கே என் நண்பன் இருக்கிறான். யாழ்ப்பாணத்துக்காரன், சென்னையில் என்னோடு பி.காம். படித்தவன். "வீட்ட வா, வேற கதையில்லை" என்று போனிலேயே சொல்லிவிட்டான்.

நான் அபார்ட்மென்ட் எடுத்தேன்.

காரணம் இருந்தது சார். அவனுக்கு நைட் ஷிஃப்ட். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. பேஸ்மென்ட்டை ஒரு மாணவனுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். நான் போனால் அவர்களுடைய பதினான்கு வயசுப் பையன் தன் அறையைக் காலி செய்துவிட்டு ஏழு ராத்திரி ஹாலில் படுக்க வேண்டும். காமர்ஸ் படித்த புத்தி சும்மா இருக்குமா? ஓசியில் தங்குவது என்றால் அந்தச் செலவை அந்தப் பையன் தலையில் எழுதுகிறேன் என்று பட்டது. யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது. இதைத்தான் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் பெட்டியோடு லிஃப்டில் ஏறினேன். உள்ளே இருந்த ஒரு பாட்டியம்மா பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்த வாரம் நீங்களா?" என்றார். கோபமில்லை, சலிப்பு. வாராவாரம் ஒரு புது முகம் பக்கத்து வீட்டுக்காரராக வந்தால் எனக்கும் அப்படித்தான் இருக்கும்.

டொராண்டோவில் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். தான் குடியிருக்கும் வீட்டை மட்டும்தான் இப்படிக் குறுகிய காலத்துக்கு விடலாம். முழு வீட்டையும் விடுவதானால் வருஷத்துக்கு 180 இரவுகள்தான். நகராட்சியில் பதிவும் செய்ய வேண்டும். வாடகைக்கு வீடு கிடைக்காமல் உள்ளூர்க்காரர்கள் அல்லாடக் கூடாது என்பதற்காக. நான் தங்கிய வீட்டில் யாரும் குடியிருந்த மாதிரியே தெரியவில்லை. அலமாரியில் ஒரே மாதிரி பன்னிரண்டு துண்டுகள், சமையலறையில் ஒரு கடுகு கிடையாது. ஒரு பையனின் அறையை எடுத்துக்கொள்ளக் கூடாதென்று வந்தவன், ஒரு குடும்பத்தின் வீட்டையே எடுத்துக்கொண்டேனோ என்று இருந்தது. பணம் கொடுத்தேன், ரசீது இருக்கிறது. ரசீது இருந்தால் பாரம் இல்லை என்று ஆகிவிடுமா?

நாலாம் நாள் ஸ்கார்பரோ போனேன். புட்டு, ஆட்டிறைச்சிக் கறி. "ஏன் அண்ணா, எங்கட வீடு வசதிப்படாது எண்டு நினைச்சீங்களோ?" என்று அவன் மனைவி கேட்டார். எட்டு மணி நேரம் வயசானவர்களைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு வந்து எனக்காகப் புட்டு அவித்தவர். உபசரிக்கிற பெயர் வீட்டுக்காரனுக்கு, வேலை முழுக்க இவருக்கு. அதனால் நான் யோசித்தது அத்தனையும் தப்பு என்று இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பையனிடம் அறையைப் பற்றிக் கேட்டேன். "ஹால்ல படுத்தா டிவி இருக்கு மாமா" என்றான். சரியாப் போச்சு!

நண்பன் சாப்பிடும்வரை ஒன்றும் சொல்லவில்லை. காரில் திரும்பக் கொண்டுவந்து விடும்போதுதான் ஆரம்பித்தான். "உங்கட மொட்டைமாடி அறையில ஏழு மாசம் கிடந்தனான். உன்ர அம்மா போட்ட சோத்தைச் சாப்பிட்டனான். ஒரு நாளாவது காசு தந்தனானோ? இங்க வந்து இறங்கினப்பவும் ஒருத்தன்ர வீட்டு ஹால்லதான் படுத்தனான். உனக்கு மட்டும் ஏன்டா ஒருத்தரும் ஒண்டும் தரக் கூடாது?"

அந்த ஏழு மாசத்தை நான் எப்போதோ மறந்துவிட்டேன். அவன் கணக்கில் அது அப்படியே நிற்கிறது. கடன் கொடுத்தவன் தன்பாட்டுக்குப் புத்தகத்தை மூடிவிட்டுப் போய்விட்டால், திருப்பிக் கொடுக்கப் பல வருஷமாகக் காத்திருந்தவன் என்ன செய்வான்? பெருந்தன்மை என்று நான் நினைத்தது அவனுக்கு அலட்சியமாகத் தெரிந்திருக்கிறது. கொஞ்சம் அலட்சியம்தானோ என்னவோ. யாருக்கும் கடன்படமாட்டேன் என்கிற வைராக்கியத்துக்குள் நான் உன்னைவிட ஒரு படி மேலே என்கிற நினைப்பு எங்கோ ஒளிந்திருக்கிறது.

ஜெர்மன் தத்துவ மேதை இம்மானுவேல் கான்ட் 1795-ல் நிரந்தர அமைதி பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு வித்தியாசம் காட்டுகிறார். பூமி உருண்டை, எங்கே போனாலும் மனிதன் இன்னொரு மனிதன்மேல் முட்டிக்கொள்ளத்தான் வேண்டும். அதனால் அந்நிய மண்ணில் பகைக்கப்படாமல் வந்துபோக எல்லோருக்கும் உரிமை உண்டு. விருந்தாளியாக ஒரு வீட்டில் தங்குவதோ உரிமையில் சேராது; அதற்குத் தனியாக ஒருவர் மனம் வைக்க வேண்டும்.

டொராண்டோவில் இது புத்தக விஷயமில்லை. 2021 கணக்கெடுப்புப்படி சுமார் 28 லட்சம் பேரில் 46.6 சதவிகிதம் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழர்களை ஒரு மீன்பிடிப் படகுக்காரர் கண்டு காப்பாற்றினார். கனடா அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அது கான்ட் சொன்ன முதல் பகுதி. அதற்கப்புறம் பாய் விரித்து இடம் கொடுத்தது அரசாங்கம் இல்லை, யாரோ ஒருவரின் ஹால். ஜெரார்டு தெருவின் இந்தியக் கடைகள், டான்ஃபோர்த்தின் கிரேக்க உணவகங்கள், ஸ்படைனாவின் சீனக் கடைகள் என்று நான் கேமராவும் கையுமாகச் சுற்றிய தெருக்களுக்குப் பின்னாலும் இப்படி எத்தனை பாய்களோ!

தமிழில் விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்றுதான் பழைய பொருள். புதிதாக வருகிறவன் விருந்து. வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வைத்துவிட்டு, சொந்தபந்தத்துக்குச் சுற்றந்தழால் என்று தனியாக இன்னொன்று வைத்தார். நண்பன் என்னை எந்த அதிகாரத்தில் வைத்திருந்தான், நான் எதில் போய் உட்கார்ந்தேன் என்பதுதான் தகராறே.

கடைசி இரண்டு ராத்திரி ஸ்கார்பரோவில் தங்கினேன். பையன் ஹாலில் ரெண்டு மணிவரை டிவி பார்த்தான்.

இப்போது, வருகிற டிசம்பரில் குடும்பத்தோடு சென்னை வருகிறான். எங்களுடையது இரண்டு பெட்ரூம் ஃப்ளாட், ஒன்றில் அம்மா. போன வாரம் மெசேஜ் அனுப்பியிருந்தான்: 'ஹோட்டல் எடுக்கட்டோ?'

பதில் போட எனக்கு அரை மணி நேரம் ஆனது.